குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீரைச் சோதியுங்கள்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் என் இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். பள்ளிக் கிணற்று வெள்ளத்தை மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய் வழியாகப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். கட்டடம் பழசு. பாதி பழைய இரும்புக் குழாய், பாதி பிளாஸ்டிக். திருகு குழாய்கள் பித்தளை. கிணற்று வெள்ளத்தைப் போன வருசம் சோதித்து, ‘குடிக்க உகந்தது’ என்று வாங்கிய அறிக்கை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது. குடிதண்ணீரில் ஈயம் இருந்தால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்று படித்ததில் இருந்து எனக்கு நிம்மதி இல்லை. கூட்டத்தில் கேட்டதற்கு, ‘அதான் ரிப்போர்ட் இருக்கே, சும்மா பீதியைக் கிளப்பாதீங்க’ என்றார் தலைமை ஆசிரியர். ஒரு பெற்றோர் ஆர்.ஓ. மெஷின் வாங்கித் தர முன்வந்திருக்கிறார். மணவாளக்குறிச்சி மணலால் தண்ணீரில் ஈயம் வருமா? பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா? எங்கே தொடங்குவது?
— ஒரு தாய், விளவங்கோடு வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கான பதில் அதில் இல்லை. அது கிணற்றில் கிடக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் பிள்ளைகள் குடிப்பதோ, கிணற்றில் இருந்து மோட்டார், தொட்டி, பழைய இரும்புக் குழாய், பிளாஸ்டிக் குழாய், பித்தளைத் திருகு என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வந்த தண்ணீர். குடிநீரில் ஈயம் சேர்வது பெரும்பாலும் இந்த வழியில்தான். கிணற்றில் ஒரு துளி ஈயம் இல்லாமலேயே டம்ளரில் ஈயம் இருக்க முடியும்.

அந்த அறிக்கையை ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். நிறம், கலங்கல், பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்), கரைந்த உப்புகள், கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், இரும்பு, புளோரைடு, கிருமி. வழக்கமான சோதனை இவ்வளவில் முடிந்துவிடும். ஈயம் என்ற வரியே பெரும்பாலும் இருக்காது. ஊராட்சிகளில் மகளிர் குழுவினர் கையில் வைத்திருக்கும் களச்சோதனைப் பெட்டியிலும் ஈயத்துக்கு வழியில்லை. ஆகவே உங்கள் தலைமை ஆசிரியரும் தவறாகச் சொல்லவில்லை; அவர் கையில் இருக்கும் தாள் அவ்வளவுதான் சொல்கிறது.

நம் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் கிணற்று வெள்ளத்தை எல்லோரும் புகழ்வார்கள். சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும், சாயா ருசியாக இருக்கும். இரண்டு பருவமழையும் பெய்து பெய்து, சரளைச் செம்மண்ணில் இருந்த சுண்ணாம்புச் சத்தை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டதால் வந்த மென்மை அது. ஆனால் இப்படிப்பட்ட தண்ணீர் பல இடங்களில் லேசான அமிலத்தன்மையோடு இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் பி.எச். அளவை 6.5 முதல் 8.5 வரை என்று வைத்திருக்கிறது. செம்மண் கிணறுகளில் அது 6.5-க்குக் கீழே இறங்குவது புதிதல்ல. மென்மையும் அமிலத்தன்மையும் சேர்ந்த தண்ணீர் உலோகத்தை அரிக்கும். கடினத் தண்ணீர் ஓடும் ஊர்களில், கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் படிவதுபோலக் குழாயின் உள்ளேயும் வெள்ளையாக ஒரு படிவு உண்டாகி, உலோகத்தைத் தண்ணீர் தொடாமல் ஓரளவு தடுக்கும். நம்முடைய நல்ல தண்ணீருக்கு அந்தத் தடுப்பு கிடையாது. நாம் பெருமைப்படுகிற அதே குணம்தான் குழாய் விஷயத்தில் கவனம் கேட்கிறது.

இதற்கு அடையாளம் உங்கள் பள்ளியிலேயே இருக்கலாம். பித்தளைக் குழாய்க்கு நேர் கீழே தொட்டியிலோ சிமெண்டிலோ நீலப்பச்சையாகக் கறை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது பித்தளையில் இருந்து கரைந்து வந்த செம்பு. செம்பு கரைகிற இடத்தில் பித்தளையில் கலந்திருக்கும் ஈயமும் கரைய வாய்ப்புண்டு. கறை இல்லை என்பதற்காக ஈயம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஈயத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை.

கடலோரப் பள்ளிகளின் கதை வேறு. தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம் பக்கம் உப்பு ஏறிய கிணறுகளில் குளோரைடு அதிகம். அதுவும் உலோகத்தை அரிக்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் என்ற நகரத்தில் 2014-ல் நடந்தது இதுதான். செலவைக் குறைக்கக் குடிநீருக்கான ஆதாரத்தை மாற்றி, உள்ளூர் ஆற்றில் இருந்து எடுத்தார்கள். அந்த ஆற்று நீரில் குளோரைடு அதிகம்; குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் சேர்க்காமல் விட்டார்கள். பழைய ஈயக் குழாய்களில் இருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குப் போனது. அங்கே ஆற்றைச் சோதித்துப் பார்த்தால் ஈயம் கிடைத்திருக்காது. வீட்டுக் குழாய்களைச் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. நம் ஊரில் அதுபோல் சுத்தமான ஈயத்தால் செய்த குழாய்கள் வழக்கத்தில் இல்லை என்பது ஆறுதல். ஆனாலும் ஈயம் ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு.

பித்தளையைக் கடைந்து திருகு வெட்டுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அதில் ஈயம் சேர்ப்பது வழக்கம். உங்கள் இரும்புக் குழாயின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சிலும் கொஞ்சம் ஈயம் கலந்திருக்கும். குழாய் துருப்பிடிக்கும்போது அந்தத் துரு ஈயத்தைப் பிடித்து வைத்திருந்து, குழாயைத் தட்டினாலோ வெட்டி இணைத்தாலோ உதிர்த்துவிடும். பழைய வாட்டர் கூலர்களில் தொட்டியின் இணைப்புகளை ஈயப் பற்றவைப்பால் ஒட்டியிருப்பார்கள். அமெரிக்காவில் 1988-லேயே பள்ளிகளில் இருந்து இப்படிப்பட்ட கூலர்களை அகற்றச் சட்டம் போட்டார்கள். நன்கொடையாக வந்த பழைய கூலர் ஏதாவது உங்கள் பள்ளியில் இருந்தால் அதைத் தனியாகச் சோதியுங்கள். பிளாஸ்டிக் குழாயை நம்பிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். பி.வி.சி. குழாய் சூட்டில் சிதையாமல் இருக்க நம் நாட்டில் வெகுகாலம் ஈயக் கலவைகளைச் சேர்த்துவந்தார்கள். 2021-ல்தான் மத்திய அரசு அதைக் கட்டுப்படுத்த விதிகள் கொண்டுவந்தது. அதற்கு முன்பு போட்ட குழாய், அதிலும் மாடியில் வெயிலில் கிடந்து வெளுத்துப்போன குழாய், சந்தேகத்துக்கு உரியது.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் உலோகத்தில் இருந்து அதிகம் எடுக்காது. ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கி நின்றால் எடுக்கும். சனி, ஞாயிறு நின்றால் இன்னும் எடுக்கும். மழை லீவோ பரீட்சை லீவோ வந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே பள்ளியில் மிக மோசமான தண்ணீர், காலையில் யாராவது முதலில் குழாயைத் திறந்து பிடிக்கும் தண்ணீர். அதை யார் பிடிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எட்டு மணிக்கு ஓடிவந்து தாகத்துக்குக் குடிக்கும் பிள்ளை. அதற்கும் முன்னால், காலை உணவு சமைக்க விடியற்காலையில் வரும் அக்கா. 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024-ல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உங்கள் பள்ளியிலேயே சமைப்பதாக இருந்தால், ராத்திரி முழுக்கத் தேங்கிய முதல் தண்ணீர் நேராகப் பொங்கல் பாத்திரத்துக்குப் போகிறது. அரிசியும் ரவையும் தண்ணீரை முழுவதுமாக உறிஞ்சிக்கொள்ளும். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகும், ஈயம் ஆவியாகாது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் என் மனதில் வந்து நின்றது இந்தச் சமையல் குழாய்தான்.

ஆகவே நாளைக்கே, எந்தச் சோதனைக்கும் காத்திராமல், ஒரு காரியம் செய்யுங்கள். காலையில் சமையலுக்கோ குடிக்கவோ தண்ணீர் பிடிக்கும் முன் அந்தக் குழாயை நன்றாகத் திறந்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். தொட்டியில் இருந்து குழாய் நீளமாக வந்தால் இன்னும் கொஞ்ச நேரம். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கோ கழிப்பறைக்கோ ஊற்றலாம், வீணாகாது. இதற்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். பொறுப்பாள் இல்லாத வேலை ஒரு வாரத்துக்கு மேல் நடக்காது. இது தற்காலிக ஏற்பாடுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி சோதனை. ஆய்வகத்தில் இருந்தே பாட்டில்கள் வாங்குங்கள். அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில் தருவார்கள். பழைய தண்ணீர் பாட்டிலோ குளிர்பான பாட்டிலோ வேண்டாம். 250 மில்லி பாட்டில் போதும், ஒரு பிள்ளை ஒருமுறை குடிக்கும் அளவு அது. முந்தின நாள் மாலை பள்ளி விட்ட பிறகு அந்தக் குழாய்களை யாரும் தொடக் கூடாது. குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும், பதினெட்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அதனால் செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதாவது ஒரு காலை நல்லது. முதல் ஆளாகப் போய், குழாயை வழக்கம்போலத் திறந்து, வருகிற முதல் துளியில் இருந்தே பாட்டிலை நிரப்புங்கள். முன்னால் கொஞ்சம் ஓடவிட்டுச் ‘சுத்தமாக’ப் பிடிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு; கிருமிச் சோதனைக்கு அதுதான் முறையும்கூட. ஈயத்துக்கு அப்படிச் செய்தால் சோதனையே பாழ். பிறகு முப்பது விநாடி ஓடவிட்டு இரண்டாவது பாட்டில்.

முதல் பாட்டிலில் ஈயம் அதிகமாகவும் இரண்டாவதில் குறைவாகவும் இருந்தால் குற்றவாளி அந்தத் திருகு குழாயோ அதை ஒட்டிய இணைப்போதான், மாற்றினால் தீர்ந்துவிடும். இரண்டிலும் அதிகம் என்றால் பின்னால் இருக்கும் குழாய், தொட்டி, கிணறு என்று பின்னோக்கித் தேட வேண்டும். அதற்காகக் கிணற்றில் இருந்து நேராக ஒன்றும், தொட்டியின் வாயில் ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழாய்களில் எடுக்கும்போது தொட்டிக்கு அருகில் இருப்பதில் தொடங்கித் தூரத்துக்குப் போங்கள். கடைசிக் குழாயை முதலில் திறந்தால் நடுவில் தேங்கியதெல்லாம் அசைந்துவிடும். எல்லாக் குழாய்க்கும் காசு போதவில்லை என்றால் சமையல் குழாய், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் குடிக்கும் குழாய், கூலர். இந்த மூன்றையும் விடாதீர்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் முதலில் கேளுங்கள். ஈயம் அங்கே அளக்கிறார்களா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று. தனியார் ஆய்வகம் என்றால் உங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம்தான். ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது என்று பலகை மாட்டியிருந்தால் போதாது. குடிநீரில் ஈயம் அளப்பதற்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று கேட்க வேண்டும். முழுப் பட்டியலுக்கும் பணம் கட்டாமல் ஈயத்துக்கும் பி.எச்.-க்கும் மட்டும் கட்டலாம். இன்னொரு கேள்வியை மறக்கவே கூடாது: ‘உங்கள் கருவி எவ்வளவு குறைந்த அளவு வரை கண்டுபிடிக்கும்?’

ஏன் என்று சொல்கிறேன். ஈயத்துக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். 1991-ல் இருந்த பழைய தரத்தில் இது 0.05, 2012-ல் திருத்தினார்கள். சில ஆய்வகங்களின் கருவி 0.05 வரைதான் பார்க்கும். உங்கள் தண்ணீரில் 0.04 இருந்தால், அதாவது அனுமதித்ததைப் போல் நான்கு மடங்கு இருந்தால், அந்தக் கருவி ‘கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்று எழுதித் தந்துவிடும். அந்தத் தாளை வாங்கி நிம்மதியாக இருப்பதைவிடச் சோதிக்காமலே இருக்கலாம். 0.001 வரை அளக்கும் ஆய்வகமாகப் பாருங்கள்.

முடிவு வந்ததும் என்ன செய்வது என்று இப்போதே குழுவில் பேசி எழுதி வைத்துவிடுங்கள். பயத்தில் எடுக்கும் முடிவைவிட அது நல்லது. என் கருத்து இது: 0.01-க்கு மேல் வந்தால் அன்றைக்கே அந்தக் குழாயைக் கட்டிப் பூட்டி, குடிக்க வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். 0.001-க்கும் 0.01-க்கும் இடையில் வந்தால் சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக் குடிநீரில் 0.001-ஐத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. அடுத்த லீவில் அந்தத் திருகையும் இணைப்பையும் மாற்றிவிடுங்கள். பித்தளைக்குப் பதில் தரமான துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போடலாம். புதிய பி.வி.சி. குழாய் வாங்கும்போது ஈயமில்லாதது என்ற குறியும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்த்து வாங்குங்கள். கிணற்றின் பி.எச். மிகக் குறைவாக இருந்தால், சுண்ணாம்புக்கல் நிரப்பிய வடிகட்டி வழியாகத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுவது மூலத்துக்கே செய்யும் மருந்து. சிப்பிச் சுண்ணாம்பை அளவில்லாமல் கிணற்றில் கொட்டும் பழைய வழக்கம் வேண்டாம்.

ஆர்.ஓ. மெஷினைப் பற்றி. ஆர்.ஓ. ஈயத்தை நீக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அளந்து பார்க்கும் முன் வாங்காதீர்கள். கரைந்த உப்பு குறைவான உங்கள் பகுதித் தண்ணீருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. நிறையத் தண்ணீரைக் கழிவாகத் தள்ளும். வடிகட்டிகளை யார் மாற்றுவது என்ற கேள்வி இரண்டாம் வருடமே வரும். உப்பு நீங்கிய ஆர்.ஓ. தண்ணீர் இன்னும் அதிகமாக உலோகத்தை அரிக்கும் என்பதால், மெஷினுக்குப் பின்னால் ஒரு பித்தளைத் திருகு மாட்டினால் நீக்கிய ஈயத்தைத் திரும்பச் சேர்த்ததாகிவிடும். விற்க வருகிறவர், கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் நனைத்து எண் காட்டுவார். அந்த மீட்டர் 1, 2 என்று மில்லிகிராம் கணக்கில் எண்ணுவது. ஈயத்தின் அளவு அதில் நூறில் ஒரு பங்கு. அது மீட்டரின் கண்ணில் படவே படாது. இரும்புக் கம்பிகளில் மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டினால், அது அந்தக் கம்பியின் துரு. பிள்ளைகளைக் காட்டிப் பெற்றோரை இப்படிப் பயமுறுத்துவது எனக்குக் கோபமூட்டுகிறது. முன்வந்த அந்தப் பெற்றோரிடம், மெஷினுக்கு முன்னால் சோதனைச் செலவை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

சீரகமோ பதிமுகமோ போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளம் கிருமியைக் கொல்லும்; ஈயத்துக்குப் பயனில்லை. யு.வி. (புற ஊதா) விளக்கும், சாதாரண பீங்கான் கேண்டில் வடிகட்டியும் அப்படியே.

மணவாளக்குறிச்சி மணலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் கடற்கரை மணலில் இருக்கும், கதிர்வீச்சு உள்ள மோனசைட் தண்ணீரில் ஏறக்குறைய கரையாத கனிமம். அதன் கதிர்வீச்சு தனியாகப் பேச வேண்டிய விஷயம். உங்கள் பள்ளிக் குழாயில் ஈயம் இருந்தால் அதற்குக் காரணம் குழாய்தான், மணலில் தேட வேண்டாம்.

இரத்தப் பரிசோதனைக்கு எல்லாப் பிள்ளைகளையும் இப்போது வரிசையில் நிறுத்த வேண்டாம். தண்ணீரில் அதிகம் என்று தெரிந்தால், அந்தக் குழாயில் குடித்த சின்னப் பிள்ளைகளைக் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கையில் நரம்பில் இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். மண், சுண்ணாம்பு, சுவர்ப் பெயிண்ட் தின்னும் பழக்கம் உள்ள பிள்ளைக்கும், காரணம் தெரியாத இரத்தச்சோகை இருக்கும் பிள்ளைக்கும் தண்ணீர் முடிவு எப்படி வந்தாலும் பார்ப்பது நல்லது. இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயத்தை வெளியேற்றும் மருந்து, இரத்தத்தில் ஈயம் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பவர்களுக்கே. ‘நச்சு நீக்கும்’ என்று யாராவது விற்கும் கஷாயத்தையும் உலோகம் சேர்ந்த பற்பத்தையும் கொடுக்காதீர்கள். சிலவற்றில் ஈயமே இருக்கும்.

பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் உடல், சாப்பிட்ட ஈயத்தில் நான்கைந்து மடங்கு அதிகமாக எடுத்துக்கொள்ளும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளை இன்னும் அதிகமாக எடுக்கும். ஆகவே முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்தலி, கேழ்வரகு, நெல்லிக்காய் இவையெல்லாம் உண்மையிலேயே உதவும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள். கர்ப்பமாக இருக்கும் ஆசிரியைகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்பதைக் குழுவில் சொல்லுங்கள்.

தண்ணீர் மட்டுமே வழி என்றும் எண்ண வேண்டாம். கடற்கரை ஊர்களில் இருந்து வரும் பிள்ளைகளின் வீட்டில் வலைக்கு ஈயக்குண்டு கட்டுவார்கள். சில வீடுகளில் அடுப்படியிலேயே ஈயத்தை உருக்கி வார்ப்பதும் உண்டு. அந்தப் புகையும் தூசியும் குழாய்த் தண்ணீரைவிடப் பெரிய ஆபத்து. பழைய பேட்டரி உடைக்கும் இடமும் அப்படித்தான். பள்ளியின் பழைய ஜன்னல்களில் உரியும் பெயிண்டைச் சுரண்டும்போது பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது. நனைத்துச் சுரண்டி, துடைத்துக் கழுவ வேண்டும்.

தலைமை ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது? ‘ரிப்போர்ட் சரியில்லை’ என்று தொடங்காதீர்கள். ‘கிணறு நல்லது என்று தெரிந்துவிட்டது, இனி குழாயைப் பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். குழாய்களை அவர் செய்து மாட்டவில்லை. அந்தக் காலத்தில் கடையில் என்ன கிடைத்ததோ அதைத்தான் எல்லாப் பள்ளிகளும் மாட்டின. குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, தாளாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். முடிவு எப்படி வந்தாலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள். மறைத்து வைத்த தாள்தான் ஊரில் பீதியைக் கிளப்பும்.

மாதிரி எடுக்கும் அன்று ஒவ்வொரு பாட்டிலிலும் எந்தக் குழாய், முதல் தண்ணீரா ஓடவிட்ட தண்ணீரா, எத்தனை மணி என்று எழுதி ஒட்டுங்கள். பள்ளியின் குழாய் வரைபடம் ஒன்றை நோட்டில் கைப்பட வரைந்து, அதே எண்களை அதில் குறியுங்கள். முடிவுத் தாளையும் அந்த வரைபடத்தையும் எனக்கு அனுப்பினால், எந்த இணைப்பை முதலில் மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.